ஜன்னல் வெச்ச சிப்புக்கு ஒரு ஜே!

"ஈப்ராமா? அதெல்லாம் மியூசியத்துக்குக் குடுத்துடுங்க பாஸு"ன்னு நண்பர் ஒருத்தர் சிரிச்சார். என் மேஜையில கிடந்த 27சி256 சிப்பைப் பார்த்துதான். 28 கால், நடுவுல குட்டியா ஒரு குவார்ட்ஸ் ஜன்னல், மொத்தக் கொள்ளளவே 32 கிலோபைட். சிரிப்பு வரத்தான் செய்யும். சிரிச்சு முடிச்சதும் இதையும் கேளுங்க மக்களே.

1971-ல இன்டெல்ல டோவ் ஃப்ரோமன் கண்டுபிடிச்ச சமாச்சாரம் இது. சுத்திலும் காப்பு போட்ட ஒரு மிதக்கும் கேட்டுக்குள்ள எலக்ட்ரானைத் தள்ளி அடைக்கறதுதான் 'எழுதறது'. அதுக்கு 2716 சிப்புன்னா 25 வோல்ட் வேணும். அழிக்கணும்னா சிப்பைக் கழட்டி, புற ஊதா விளக்குக்கு அடியில 15, 20 நிமிஷம் வைக்கணும். சாதா கண்ணாடி அந்தக் கதிரை உள்ள விடாது, அதான் குவார்ட்ஸ். எழுதி முடிச்சதும் வெளிச்சம் படாம ஜன்னல் மேல ஸ்டிக்கர்.

பெரிய இம்சைதான், ஒத்துக்கறேன். ஆனா அந்த இம்சைதான் பூட்டு. உள்ள இருக்கற நிரலை மாத்தணும்னா எவனா இருந்தாலும் உங்க வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்தாகணும்.

ஃப்ளாஷ் வந்துச்சு, பூட்டு போச்சு. 1999 ஏப்ரல் 26 அன்னிக்கு சிஐஎச் வைரஸ் ஹார்ட் டிஸ்க்கை நாசம் பண்ணினதோட நிக்கல. பல மதர்போர்டுகள்ல பயாஸ் ஃப்ளாஷையும் கிறுக்கி வெச்சுது. அதெல்லாம் ஆன் கூட ஆகல. பயாஸை ஈப்ராம்ல வெச்சிருந்த பழைய போர்டுல அந்த ஜம்பம் பலிக்கல.

வைரஸை விடுங்க, வித்தவங்களே செஞ்சாங்களே! 2010 ஏப்ரல் 1-ல சோனி பிஎஸ்3-க்கு 3.21 அப்டேட் விட்டு, லினக்ஸ் போட்டுக்கற வசதியைப் பிடுங்கிச்சு. அப்டேட் போடாட்டி ஆன்லைன் விளையாட்டு கிடையாது. காசு குடுத்து வாங்கின பொருள்யா அது!

"அப்போ பாதுகாப்பு ஓட்டையை எப்படி அடைக்கறது?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. அப்டேட்டே வேணாம்னு நான் சொல்லல. எழுதவிடாம தடுக்க வன்பொருள்ல ஒரு சுவிட்ச் குடுங்கன்னுதான் சொல்றேன். அப்டேட் ஓடற பக்கமே வெச்சு வித்துக்கோங்க, வேணாங்கறவன் தள்ளிக்கட்டும். ஆரம்பகால குரோம்புக்குகள்ல ஒத்தை திருகாணி இந்த வேலையைப் பார்த்துச்சு. அதைக் கழட்டினாத்தான் பூட்டுப் போட்ட ஃபர்ம்வேர்ல கை வைக்க முடியும். ஒரு திருகாணி என்ன விலை ஆயிடும்?

என் சிப்பும் சாஸ்வதம் இல்ல. உள்ள அடைச்ச மின்னூட்டம் வருஷக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா கசிஞ்சு ஒருநாள் மறதி வந்துடும். வரட்டும். அதுவரைக்கும் நான் தூங்கறப்போ எவனும் அதை மாத்தி எழுத முடியாதுல்ல? புது ஸ்டிக்கர் ஒட்டி பத்திரமா வெச்சுட்டேன்.

திட்டணும்னு தோணறவங்க பின்னூட்டத்துல வாங்க, பேசலாம்.