கம்ப்யூட்டர் வந்தாச்சு... மஞ்சப்பை இன்னும் போகலையே!



தாலுகா ஆஸ்பத்திரியில் "இங்க முடியாது, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்கிறார்கள். 108 வருகிறது. நோயாளியோடு ஒரு மஞ்சப்பையும் வண்டியில் ஏறுகிறது. உள்ளே ஓ.பி. சீட்டு, ரத்தப் பரிசோதனை முடிவு, ஸ்கேன் பிலிம், எழுத்து அழிந்துபோன பழைய மருந்துச் சீட்டு.

அந்தப் பை தொலைந்தால் எல்லாம் முதலில் இருந்து. மறுபடியும் ரத்தம், மறுபடியும் ஸ்கேன். பக்கவாதம், நெஞ்சுவலி என்றால் அப்படிப் போகிற ஒவ்வொரு நிமிடமும் உயிரோடு விளையாட்டு.

"என்ன மாத்திரை சாப்பிடுறாங்க? எந்த ஊசி ஒத்துக்காது?" என்று டாக்டர் கேட்கிறார். பதறி நிற்கும் மகள் சொல்கிறார்: "வெள்ளையா, சின்னதா ஒரு மாத்திரைங்க..."

இத்தனைக்கும் இரண்டு ஆஸ்பத்திரியிலும் கம்ப்யூட்டர் இருக்கிறது. ஆனா ஒண்ணோட ஒண்ணு பேசாது! பல இடங்களில் ஒரே கட்டடத்துக்குள்ளேயே லேப்புக்கு ஒரு மென்பொருள், ஸ்கேனுக்கு ஒன்று, பில்லுக்கு இன்னொன்று. நோட்டில் எழுதியதையே திரும்பவும் டைப் அடித்து அல்லாடுவது செவிலியர்கள்தான்.

விதி இல்லாமல் இல்லை. மின்னணு மருத்துவப் பதிவுகளுக்கான தரவிதிகளை ஒன்றிய அரசு 2013-லேயே வெளியிட்டு, 2016-ல் திருத்தியது. 2021 செப்டம்பர் 27-ல் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் நாடு முழுக்கத் தொடங்கப்பட்டு, 14 இலக்க 'ஆபா' எண்ணும் வந்தது. ஆனால் எண் மட்டும் வைத்தியம் பார்க்காது. முதல் ஆஸ்பத்திரி விவரத்தை ஏற்ற வேண்டும். அடுத்த ஆஸ்பத்திரியின் மென்பொருளால் அதைப் படிக்க முடிய வேண்டும்.

2022 நவம்பரில் சைபர் தாக்குதலால் டெல்லி எய்ம்ஸின் சர்வர்கள் முடங்கியதையும் மறக்க முடியாது. நாட்கணக்கில் எல்லாமே கையெழுத்தில் நடந்தது. நாட்டின் முதன்மை மருத்துவமனைக்கே இந்த நிலை!

நாம் கேட்பது இதுதான்:

🔸 நோயாளியை அனுப்பும் முன்பே அவரது விவரம் அடுத்த மருத்துவமனைக்குப் போக வேண்டும். நெட் இல்லையா? போன் போட்டுச் சொல்லுங்கள்.

🔸 மற்ற மென்பொருளோடு தகவல் பரிமாற முடியாத எதற்கும் மக்கள் பணத்தைக் கொடுக்காதீர்கள். டெண்டரிலேயே இதை நிபந்தனையாக்குங்கள்.

🔸 பதிவு செய்யத் தனி ஊழியர்கள் வேண்டும். செவிலியர் நோயாளியைப் பார்க்கட்டும்.

🔸 டிஸ்சார்ஜ் சம்மரியில் மாத்திரை விவரம் தமிழிலும் இருக்க வேண்டும்.

🔸 நோயாளியின் சம்மதம் இல்லாமல் அவரது விவரம் யாருக்கும் போகக் கூடாது.

அதுவரை நாம் செய்ய முடிந்தது ஒன்று உண்டு. உங்கள் வீட்டுப் பெரியவர்களின் மாத்திரைப் பெயர்கள், ஒத்துக்கொள்ளாத மருந்து, கடைசி டிஸ்சார்ஜ் சம்மரி மூன்றையும் இன்றைக்கே போனில் படம் எடுத்து வையுங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கும் எடுத்துக் கொடுங்கள். கவுன்ட்டரில் நிற்கும் ஊழியரிடம் சண்டை வேண்டாம். அவரும் இதே சிக்கலில்தான் மாட்டியிருக்கிறார். கேள்வி ஆட்சியில் இருப்பவர்களுக்கு.

நோயாளி சுமக்க வேண்டியது நோயை மட்டும்தான். ஃபைலை அரசு சுமக்கட்டும்!

படித்தவர்கள் பகிருங்கள் தோழர்களே.

#மக்கள்_நல்வாழ்வு #அரசு_மருத்துவமனை