ஹோட்டலில் பேய்: ரெக்கார்டிங்கை நம்பலாமா?

கம்ப்யூட்டர் இதழில் பேய்க்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். வேலை இருக்கிறது. டிவியில் பேய் தேடுபவர்கள் மந்திரம் சொல்வதில்லை. வீடியோ கேமரா, டிஜிட்டல் வாய்ஸ் ரெக்கார்டர், லேப்டாப் ஆகியவற்றுடன்தான் வருகிறார்கள். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய உங்கள் வீட்டிலும் ஏறக்குறைய இதே கருவிகள்தான் இருக்கின்றன. கருவியில் பதிவாகிவிட்டது என்ற ஒரே காரணத்திற்காக ஒன்றை உண்மை என்று ஏற்கலாமா? இதுதான் என் கேள்வி.

அமெரிக்காவில் 2004-ல் தொடங்கிய 'கோஸ்ட் ஹன்டர்ஸ்' நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். அதை நடத்திய ஜேசன் ஹாஸ், கிரான்ட் வில்சன் இருவரும் பிளம்பர்கள். இவர்கள் சோதித்த இடங்களில் மிகவும் பேசப்பட்டது, கொலராடோ மாநிலத்தில் எஸ்டெஸ் பார்க் என்ற மலை ஊரில் உள்ள ஸ்டான்லி ஹோட்டல். நீராவிக் கார் தயாரித்த இரட்டைச் சகோதரர்களில் ஒருவரான எஃப்.ஓ.ஸ்டான்லி கட்டி, 1909-ல் திறந்த ஹோட்டல் இது. 1974-ல் எழுத்தாளர் ஸ்டீபன் கிங் இங்கே 217-ம் எண் அறையில் தங்கினார். அந்த அனுபவத்தில் பிறந்த 'தி ஷைனிங்' நாவல் 1977-ல் வெளியானது. அதற்குப் பிறகு அந்த ஹோட்டலுக்குள் நுழைபவர் யாரும் வெறும் மனதோடு நுழைவதில்லை. 2006 ஹாலோவீன் இரவில் அங்கிருந்து நேரடி ஒளிபரப்பே நடந்தது.

ஜேசன் தங்கிய அறையில் இரவில் துணி அலமாரியின் கதவு தானாகத் திறந்தது, படுக்கைக்கு அருகில் இருந்த கண்ணாடி டம்ளர் உடைந்தது. ரசிகர்கள் இன்றும் சொல்லும் சாட்சி இதுதான்.

இவர்களிடம் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. சத்தம் கேட்டவுடன் பேய் என்று குதிக்காமல், முதலில் குழாயையும் கதவையும் பார்ப்பார்கள். போட்டோவில் தெரியும் வெள்ளை உருண்டைகளைத் தூசி என்று இவர்களே ஒதுக்கிவிடுவார்கள். பிளம்பர் புத்தி நல்ல புத்தி! அவர்கள் ஏமாற்றினார்கள் என்று நான் சொல்லவில்லை. ஏமாற்றாமலேயே தவறான முடிவுக்கு வர வழி இருக்கிறது என்கிறேன்.

எட்டு கேமராக்களை ஆறு மணி நேரம் ஓடவிட்டால் 48 மணி நேரப் பதிவு கிடைக்கும். நாம் டிவியில் பார்ப்பது ஒரு மணி நேரத்திற்கும் குறைவு. நூறு ஆண்டுப் பழைய கட்டடத்தில், பகலும் இரவும் வெப்பம் மாறும் மலை ஊரில், ஒரு கதவு நகர்வது அதிசயமா? அதே கதவு ஆளில்லாத சாதாரண இரவுகளில் எத்தனை முறை திறக்கிறது என்ற கணக்கு நமக்குக் காட்டப்படவில்லை. அந்தக் கணக்கு இல்லாமல் ஒரு இரவின் பதிவை வைத்து எதையும் சொல்ல முடியாது. டம்ளர் கதையும் இப்படித்தான். வேறு கோணத்தில் இரண்டாவது கேமராவும், வெட்டாத முழுப் பதிவும் இருந்தால்தான் பேசவே முடியும்.

மின்காந்த அலையை அளக்கும் மீட்டரைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. குழுவினரின் பையில் உள்ள செல்போனும் கையில் உள்ள வாக்கி டாக்கியுமே அதன் விளக்குகளை எரியவைக்கும்.

குரல் பதிவுதான் உண்மையில் ஆபத்தானது. பல வாய்ஸ் ரெக்கார்டர்களில், அறை அமைதியானால் மைக்கின் உணர்திறன் தானாகக் கூடும். அப்போது மூன்று அறை தள்ளி யாரோ இருமியதும், தரை கிறீச்சிட்டதும் பதிவாகும். ஃபைல் சிறிதாக வேண்டும் என்பதற்காக ஒலியைச் சுருக்கும்போது மேலும் கொஞ்சம் சிதையும். அந்தக் கரகரப்பைப் பெருக்கி, திரையில் 'வெளியே போ' என்று எழுத்தும் போட்டுவிட்டால், நம் காது அதைத்தான் கேட்கும். எழுத்தை மறைத்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள், வெறும் கரகரப்புதான்.

ஹோட்டல் பேயால் நமக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. ஆனால் வாட்ஸ்அப்பில் 'இவர் இப்படிப் பேசினார், கேளுங்கள்' என்று தெளிவில்லாத ஆடியோ ஒன்று வரும்போதும் இதேதான் நடக்கிறது. தலைப்பைப் படித்த பிறகே காதில் வைக்கிறோம். அங்கே பாதிக்கப்படுவது உயிரோடு இருக்கும் ஒரு மனிதர்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி சாஃப்ட்வேரை இன்ஸ்டால் செய்யுங்கள். இரவில் யாரும் பேசாத அறையில் ஐந்து நிமிடம் பதிவு செய்யுங்கள். முதலில் அந்த அசல் பதிவை வேவ் ஃபைலாகத் தனியே எக்ஸ்போர்ட் செய்துவிடுங்கள். பிறகு 'எஃபெக்ட்' மெனுவில் 'ஆம்ப்ளிஃபை' கொடுத்து ஒலியைப் பெருக்குங்கள். ஃபிரிட்ஜ், ஃபேன், தெரு நாய் எல்லாம் வெளியே வரும். அதில் புரியாத இரண்டு விநாடியை மட்டும் வெட்டி எடுத்து, வீட்டில் ஒருவரிடம் எதுவும் சொல்லாமல் போட்டுக் காட்டுங்கள். இன்னொருவரிடம், 'இதில் ஒரு பெண் உன் பெயரைச் சொல்கிறாள்' என்று சொல்லிவிட்டுப் போடுங்கள். இருவரும் என்ன கேட்டார்கள் என்பதை, ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாமல், காகிதத்தில் எழுதி வாங்குங்கள். இரண்டாமவருக்கு அசல் ஃபைலைப் பிறகு போட்டுக் காட்ட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் அன்றிரவு அவர் தூங்க மாட்டார்.