இருவராய் எழுதுங்கள்

1923 செப்டம்பரில், ஒரு வார இடைவெளியில், கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவலில் இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். முதலில் கி. ராஜநாராயணன், அடுத்து கு. அழகிரிசாமி. இருவர் வீட்டிலும் பேச்சு தெலுங்கு. சேர்ந்து வளர்ந்தார்கள், விளாத்திகுளம் சுவாமிகளின் பாட்டில் சேர்ந்தே கிறங்கினார்கள். பிறகு பிழைப்பு பிரித்தது. அழகிரிசாமி சார்பதிவாளர் அலுவலக வேலையை உதறிவிட்டுப் பத்திரிகை வேலைக்காகச் சென்னைக்கு வந்தார். அங்கிருந்து மலாயாவுக்குப் போய் ‘தமிழ் நேச’னில் இருந்தார். ராஜநாராயணன் ஊரில் கரிசல் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடையில் ஓடியது தபால்.

அந்தக் கடிதங்களை நம் இலக்கியத்தின் பெரிய கூட்டுவேலைகளில் ஒன்றாகவே நான் எண்ணுகிறேன். இசை, புத்தகம், மனசு என்று எல்லாம் அதில் வரும். ஊரை விளக்கிச் சொல்லவேண்டிய அவசியமே அதில் இல்லை. படிக்கப்போகிறவனும் அதே தெருவில் புழுதி அளைந்தவன். அழகிரிசாமி வெகுமுன்பே கதைகள் எழுதிப் பெயர் வாங்கிவிட்டார். ராஜநாராயணனோ முப்பது வயது தாண்டி, 1958இல், ‘சரஸ்வதி’யில் ‘மாயமான்’ கதையோடு வந்தார். சிற்றிதழ் நடத்துகிறவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். கலப்பை பிடித்த கை அந்த வயதில் பேனா பிடிக்கிறது என்றால், அதற்குப் பின்னால் வருஷக்கணக்காகக் கடிதம் எழுதிய ஒரு சிநேகிதனும் இருக்கிறான். அதை வாங்கிப் போட ஒரு சின்னப் பத்திரிகையும் இருக்கிறது.

1970 ஜூலையில் அழகிரிசாமி இறந்தபோது வயது நாற்பத்தாறு. ‘அன்பளிப்பு’க்கான சாகித்திய அகாதெமி விருது அவர் போன பிறகே வந்தது. ராஜநாராயணன் அந்தக் கடிதங்களைப் பத்திரப்படுத்தி, பின்னால் புத்தகமாக்கினார். ‘கோபல்ல கிராமம்’, 1982இல் கரிசல் சொல்லகராதி என்று அதன்பின் அவர் செய்த வேலைகளைப் படிக்கும்போதெல்லாம், இறந்துபோன நண்பருக்கு ஊரைப் பற்றி இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார் என்றே எனக்குத் தோன்றும். 1991இல் அவருக்கும் அகாதெமி விருது. ஒரு சின்ன கிராமத்துக்கு இரண்டு!

சினிமாவில், இயக்குநர் பாரதிராஜாவும் பண்ணைப்புரத்துச் சகோதரர்களும் இதற்குப் பக்கத்தில் வைக்கத்தக்கவர்கள். சுகாதார ஆய்வாளராக வேலை பார்த்த இளைஞனும் பாட்டுப் பாடித் திரிந்த அண்ணன் தம்பிகளும் ஊரில் கொண்ட பழக்கம், 1977இல் ‘16 வயதினிலே’யில் ஒன்றுகூடியது.

இதையெல்லாம் செம்பரம்பாக்கத்தில் உட்கார்ந்து எழுதக் காரணம் உண்டு. நம் ஏரியைப் பற்றி வெளியில் தெரிவது இரண்டு எண்கள்: உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, மழை வலுத்தால் மட்டும் நம் பெயர் செய்தியில் அடிபடும். இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் கார்கள் வெளிவரத் தொடங்கியதிலிருந்து, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் வரை நிலம் உருமாறிவிட்டது. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்ததையும், அந்த வயல் மனையாகிப் பின் வாடகை அறையானதையும் ஒரே ஆயுளில் கண்டவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அதை எழுதியவர்களைத்தான் காணோம்.

எழுதத் தெரியாமல் இல்லை. ஒரு பெஞ்சில் படித்தவர்களில் ஒருவன் ஏ ஷிஃப்ட், இன்னொருவன் சி ஷிஃப்ட். ஒருவன் கம்பெனி பஸ்ஸில் ஏறும்போது மற்றவன் இறங்குகிறான். ஷிஃப்ட் முறை நம்மிடமிருந்து உறக்கத்தை மட்டும் பறிக்கவில்லை. எழுதியதைப் படித்துக் காட்ட ஆளில்லாமலும் செய்துவிட்டது. தனியே ஒரு பக்கம் எழுதுகிறவன், கேட்க யாருமில்லாமல் இரண்டாம் பக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறான்.

விடுதிகளையும் நினைக்கிறேன். தெற்கத்தி மாவட்டங்களிலிருந்து, அந்தக் கரிசல் சீமையிலிருந்தும்தான், செல்போன் லைனுக்கு வேலைக்கு வந்த பெண்கள் ஓர் அறையில் பலராகத் தங்குகிறார்கள். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் பலர் நோயுற, அவர்கள் நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தபோதுதான் நாடு அவர்களைத் திரும்பிப் பார்த்தது. பள்ளியில் ஒன்றாகப் படித்துப் பிரிந்த இரண்டு பேர் அந்த அறைகளில் மறுபடி சந்தித்திருக்கக்கூடும். அவர்களுக்கு ஊரும் தெரியும், இந்த லைனும் தெரியும். இவ்விரண்டையும் சேர்த்துச் சொல்ல அவர்களைவிடத் தகுந்தவர் யார்?

ஆகவே அடுத்த இதழிலிருந்து சில பக்கங்களை இருவர் சேர்ந்து எழுதுவதற்கு ஒதுக்குகிறோம். ஒரே ஊரில், ஒரே பள்ளியில், ஒரே தெருவில் வளர்ந்து இப்போது வெவ்வேறு இடத்தில் இருப்பவர்கள் அனுப்பலாம். கதை, கடிதம், ஊர்ச் சொற்கள், வரைபடம் எதுவானாலும் சரி. ட்ரெய்னி, காண்ட்ராக்ட், பெர்மனென்ட் என்ற பேதம் கிடையாது. உட்கார்ந்து எழுத நேரமில்லாதவர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புங்கள். எழுத்தில் இறக்கி, உங்களிடம் படித்துக் காட்டி, நீங்கள் சரி என்ற பிறகே அச்சுக்குக் கொடுப்போம். கம்பெனிக்குத் தெரிந்தால் சங்கடம் என்பவர்கள் புனைபெயர் வைத்துக்கொள்ளலாம். புனைபெயரானாலும் இருவர் பெயரும் ஒரே வரியில், ஒரே அளவு எழுத்தில் வரும்.