ஒரு முழக் குழாய்

கற்றது கைக்கு வரவில்லையென்றால் அதைப் பாதிக் கல்வி என்றே சொல்ல வேண்டும். இது என் துணிபு. நம் சங்க ஏட்டில் இலக்கியம் பற்றியும் மொழி பற்றியும் பலர் அழகாக எழுதுகிறார்கள். நான் எடுத்துக்கொண்ட பொருளோ, காரின் அடியில் கிடக்கும் ஓர் எண்ணெய்க் குழாய். நண்பர்கள் முகம் சுளிக்க வேண்டாம். அந்த ஒரு முழக் குழாயை வைத்து நம் மோட்டார் மன்றத்தில் இன்று மூன்று கட்சிகள் தோன்றிவிட்டன. மூன்றிலும் சேராத நான், நான்காவது கட்சி ஒன்றை இக்கட்டுரை வாயிலாகத் தொடங்குகிறேன்.

செய்தி இதுதான். ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர், இருவர் மட்டும் அமரக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை மன்றத்துக்கு அளித்தார். ஆண்டு விழாவில் அதை ஓட்டிக் காட்டுவதென்று முடிவாயிற்று. சென்ற மாதம் ஒருநாள் கிளட்ச் பெடலை மிதித்தால் அது தளர்ந்து தரையைத் தொட்டது. கியர் விழ மறுத்தது. வண்டியைத் தூக்கிப் பார்த்தோம். குழாயைப் பிடித்திருந்த கிளிப் எப்போதோ விழுந்து, எஃகுக் குழாய் அடிச்சட்டத்தில் உரசி உரசித் தேய்ந்து துளை கண்டிருந்தது. அதன் முனையிலுள்ள ரப்பர்க் குழாயும் புகைக்குழாயின் சூட்டில் வெடித்திருந்தது.

“துளையைப் பற்றாசு வைத்து அடைத்துவிட்டால் விழா முடியும்வரை தாங்கும்” என்பது முதற் கட்சி. “ஓட்டவே வேண்டாம், துடைத்துப் பளபளப்பாக்கித் தள்ளிக்கொண்டுபோய் நிறுத்துவோம்” என்பது இரண்டாவது. “பெரிய பட்டறைக்கு அனுப்பிவிட்டால் நமக்கு ஏன் தொல்லை?” என்பது மூன்றாவது. குழாயை முழுதும் மாற்ற வேண்டும், அதையும் நாமே மாற்ற வேண்டும் என்பது என் கட்சி.

முதலில், அடைத்தால் ஏன் போதாது? இதற்கு விடை நம் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்று பாஸ்கல் சொன்னார். அவர் 1662 இல் மறைந்தார். அவருடைய நூல் அடுத்த ஆண்டு வெளிவந்தது. அந்த விதியை நாம் தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கிவிட்டோம். காரில் அது என்ன செய்கிறது? பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் எண்ணெயைத் தள்ளுகிறது. அந்த அழுத்தம் குழாய் வழியே சென்று, கியர்ப் பெட்டியின் அருகிலுள்ள ஸ்லேவ் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளுகிறது. அது ஒரு கவையை அசைக்க, கிளட்ச் தட்டின் பிடி தளர்கிறது.

இனிச் சிறிது கணக்குப் போடுவோம். காலால் 15 கிலோ பாரம் கொடுக்கிறோம் என்று கொள்வோம். பெடல் ஒரு நெம்புகோல். அது ஆறு மடங்காக்கினால் 90 கிலோ. மாஸ்டர் சிலிண்டரின் விட்டம் 16 மில்லிமீட்டர் என்றால் பரப்பு சுமார் 2 சதுர சென்டிமீட்டர். ஆகவே குழாய்க்குள் சதுர சென்டிமீட்டருக்கு 45 கிலோ அழுத்தம்! கார் டயரில் நாம் அடிக்கும் காற்று ஏறத்தாழ 2 கிலோதான். இருபது டயரின் அழுத்தத்துக்கு மேல் தாங்க வேண்டிய குழாய்க்கு ஒட்டும் பூச்சும் வைத்தியமாகுமா? தேய்ந்த குழாயில் ஒரு துளையை அடைத்தால், பக்கத்திலே மெலிந்திருக்கும் இடம் நாளை திறக்கும். அது விழாக் கூட்டத்தின் நடுவே திறந்தால்? கியரில் இருக்கும் வண்டியின் கிளட்ச் விடுபடாமல் போனால் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

மாற்றும் வேலை அப்படியொன்றும் மலையைப் பெயர்ப்பதன்று. பழைய குழாயை எடுத்து, அதன் வளைவுகளை அப்படியே பார்த்துப் புதிய குழாயை வளைக்க வேண்டும். முனையில் நட்டை முதலில் கோத்துக்கொண்டு, பிறகுதான் வாயை விரிக்க வேண்டும். செம்பும் நிக்கலும் கலந்த குழாய் கிடைத்தால் துருவுக்கு அஞ்ச வேண்டாம். நட்டைக் கழற்ற அதைச் சுற்றிப் பிடிக்கும் ஸ்பேனர் வேண்டும். சாதாரண ஸ்பேனர் அதன் மூலைகளை மழுக்கிவிடும். புதிய ரப்பர்க் குழாய் முறுக்கேறாமல், புகைக்குழாய்க்கு விலகி நிற்க வேண்டும். விழுந்த கிளிப்பை மறக்காமல் மாட்ட வேண்டும். மறந்தால் புதிய குழாயும் பழையதன் வழியே போகும்.

ஊற்றுவது பிரேக் எண்ணெய். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகையின் கொதிநிலை, புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியசு. ஈரம் ஏறியபின் அதற்கு விதித்த அளவு 140 பாகைதான். ஆகவே திறந்து கிடந்த டப்பாவை நம்பக் கூடாது. வண்டியின் வண்ணத்தில் சிந்தினால் வண்ணத்தையும் தின்றுவிடும்.

கடைசியாகக் காற்றெடுக்கும் படலம். என் கட்சியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பெடலை முழுதும் மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் 25 மில்லிமீட்டர் நகர்வதாகக் கொள்வோம். அது தள்ளும் எண்ணெய் 5 கன சென்டிமீட்டர். ஸ்லேவ் சிலிண்டரின் விட்டம் 20 மில்லிமீட்டர் என்றால் அதன் பிஸ்டன் 16 மில்லிமீட்டர் நகரும். குழாயில் ஒரே ஒரு கன சென்டிமீட்டர் காற்று தங்கிவிட்டதா? அவ்வளவு அழுத்தத்தில் அது இருந்த இடம் தெரியாமல் சுருங்கும். நகர்ச்சியில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். 16 என்பது 13க்குக் கீழே இறங்கும். கியர் நறநறவென்று பல்லைக் கடிக்கும். பாஸ்கலின் விதி சரிதான். ஆனால் காற்று புகுந்த குழாயில் அவரும் என்ன செய்வார்?

இந்தக் காற்றை ஒருவர் தனியே எளிதில் எடுத்துவிட முடியாது. மேலே ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, கீழே ஒருவர் நிப்பிளைத் திறந்து குமிழிகளை வெளியேற்றி, நிப்பிளை மூடிய பிறகே “விடலாம்” என்று குரல் கொடுக்க வேண்டும். குரல் முந்தினால் போன காற்று திரும்ப வரும். நம் பட்டறை மிஸ்திரி “தபாவோ” என்றால் மிதிக்கவும், “சோடோ” என்றால் விடவும் இரண்டு இந்திச் சொற்கள் போதும். பெடலின் கனத்தைக் கொண்டே உள்ளே இன்னும் காற்றிருக்கிறதா என்று அவர் சொல்லிவிடுகிறார். அவருக்குப் பாஸ்கலைத் தெரியாது. நமக்கு நிப்பிளைத் தெரியாது. இந்த இரண்டு பாதிகளும் நாள்தோறும் ஒரே வாயில் வழியே நுழைந்து, ஒன்றையொன்று பாராமல் போய்க்கொண்டிருக்கின்றன. இது நல்லதா?

எம்.ஜி.பி. என்ற ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார் 1962 முதல் 1980 வரை 5 இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. சப்பானின் மாஸ்டா எம்.எக்ஸ்-5, 1989 இல் வந்தது. இரண்டிலும் ஸ்லேவ் சிலிண்டர் கியர்ப் பெட்டியின் வெளியே, கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. அவற்றில் பல இன்றும் ஓடுவதற்கு, உரியவர்களே பழுது பார்க்க முடிந்தது ஒரு காரணம் என்பேன். இப்போதைய கார்கள் பலவற்றில் அது கியர்ப் பெட்டிக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. அது கெட்டால் பெட்டியையே இறக்க வேண்டும். வாங்கிய பொருளைப் பழுது பார்க்கும் உரிமைக்கு வழிவகுக்க 2022 இல் மத்திய அரசின் நுகர்வோர் துறை ஒரு குழு அமைத்தது. அதில் மோட்டார் வண்டிகளும் சேர்ந்தன. உரிமை வருவது நன்று. ஆனால் உரிமை வந்த நாளில் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த கை வேண்டாமா?

“தேர்வு நெருங்குகிறது, நேரமில்லை” என்பார்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போதும். “மிஸ்திரியின் பிழைப்பில் கை வைக்கலாமா?” என்பார்கள். நியாயமான கேள்வி. ஆகவேதான் சொல்கிறேன்: வெளியிலிருந்து வரும் சொற்பொழிவாளர்க்கு மன்றம் வழங்கும் தொகையை, அந்த இரு நாட்களுக்கும் ஆசிரியர் என்ற பெயரிலேயே அவருக்கு வழங்குக. கூலி என்று எழுதாதீர்கள். தமிழ் படிப்பவரும் வரலாறு படிப்பவரும் வரட்டும். பெடலை மிதிக்கப் பட்டம் வேண்டியதில்லை.

ஆண்டு விழாவுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. தள்ளிக்கொண்டு வந்து நிறுத்திய காரைக் காட்டி எதைப் பெருமையாகச் சொல்லப் போகிறோம்? மன்றத்தின் அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவருவேன். நான்காவது கட்சிக்கு இப்போது ஓர் உறுப்பினர்தான். கூட்டத்துக்குள் இன்னொருவராவது சேர வேண்டும். காற்றெடுக்க இருவர் தேவை.