சிட்டுக்குருவி எந்த ஆண்டு போனது?



மடுல்கெல்லையில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஒரு மண்முட்டி தொங்குகிறது. சிட்டுக்குருவி கூடு கட்டட்டும் என்று வாப்பா கட்டிவிட்டது. இப்போது அதில் குருவி இல்லை. “எப்போது போயின?” என்று மகள் கேட்டாள். “நீ பிறப்பதற்கு முன்பே” என்றார் உம்மா. “இல்லை மாமி, இவள் ஓதப் போகத் தொடங்கிய பிறகுதான்” என்றார் என் மனைவி. எனக்கோ நினைவே இல்லை. ஒருவரும் எழுதி வைக்காததால் ஒரு வீட்டின் கேள்விக்கே பதில் இல்லாமற் போயிற்று.

இந்தக் குறையை நீக்கத்தான் உலகெங்கும் பொதுமக்கள் பறவைகளை எண்ணி எழுதுகிறார்கள். நம் நாட்டில் இலங்கைப் பறவைக் கழகம் 1943இலேயே தோன்றியது. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கிறது. அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகப் பறவை ஆய்வகம் 2002இல் தொடங்கிய ‘ஈபேர்ட்’ திட்டத்தில் இன்று எந்த நாட்டவரும் தாம் கண்டதைப் பதியலாம்.

“யாரோ எழுதியதை எப்படி நம்புவது?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்காகவே பகுதிதோறும் பறவைகளை நன்கறிந்த தொண்டர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சம்பளம் இல்லை. ஆறுமணிக் குருவியை எடுத்துக்கொள்ளுங்கள். அது இந்தியாவிலிருந்து ஒக்டோபர் வாக்கில் இங்கு வந்து, ஏப்ரல் வாக்கில் திரும்பிவிடும். ஒருவர் ஜூலையில் அதைக் கண்டதாக எழுதினால், “நேரில் பார்த்தீர்களா? நிறம் என்ன? படம் உண்டா?” என்று தொண்டர் விசாரிப்பார். அவமதிப்பதற்கல்ல, உண்மை கலப்படமாகாமல் இருப்பதற்கு. அறிவிப்பாளரை விசாரித்தே செய்தியை ஏற்கப் பழகிய எங்களைப் போன்ற ஓதிக்கொடுப்பவர்களுக்கு இது புதிதல்ல.

இன்னொரு நுட்பமும் உண்டு. அபூர்வப் பறவையை மட்டும் எழுதக்கூடாது. காகம், மைனா உட்பட அந்த நேரத்தில் கண்ட அனைத்தையும் எழுத வேண்டும். அப்போதுதான் பட்டியலில் இல்லாததும் ஒரு செய்தியாகும். எங்கள் வீட்டில் அப்படியொரு கொப்பி இருந்திருந்தால், குருவி போன ஆண்டை அதுவே சொல்லியிருக்கும்.

“எங்களுக்கு என்ன தெரியும்?” என்று பின்வாங்காதீர்கள். பறவையியலாளர் சாலிம் அலி (1896–1987) தாய்தந்தையரை இழந்து மாமா வீட்டில் வளர்ந்தவர். சிறுவயதில் தாம் சுட்ட ஒரு குருவியின் கழுத்து மஞ்சளாக இருக்கக் கண்டு, அது என்ன குருவி என்று மாமாவிடம் கேட்டார். மாமாவுக்குத் தெரியவில்லை. ஆயினும் பிள்ளையை அதட்டி அனுப்பாமல், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்கு அனுப்பி வைத்தார். அந்தக் கேள்வியிலிருந்தே ஓர் அறிஞர் உருவானார்.

சுபஹுக்குப் பின் அடுப்படி யன்னலருகே நிற்கும் உங்களைவிட முற்றத்துப் பறவைகளை அறிந்தவர் யார்? கால் மணி நேரம் போதும். திகதி, நேரம், கண்ட பறவை, எண்ணிக்கை ஆகியவற்றைக் குறியுங்கள். பெயர் தெரியாவிட்டால் ஊகித்து எழுதாமல் ‘தெரியாது’ என்றே எழுதுங்கள்.

நேற்று மகள் ஒரு கொப்பியைத் தொடங்கினாள். முதல் பக்கத்தில் காகம் நான்கு, மைனா இரண்டு. சிட்டுக்குருவி இல்லை. நாளை அவளுடைய பிள்ளை கேட்டால் சொல்வதற்கு அவளிடம் பதில் இருக்கும்.