வாட்ஸைப் பார்த்து ஸ்பீக்கர் வாங்காதீங்கோ

அம்மம்மாவின் 80ஆவது பிறந்தநாளுக்கு ஸ்காபரோ ஹோல் ஒன்றில் தனியாகக் கீபோர்ட் வாசித்தேன். புது ஸ்பீக்கர். பெட்டியில் '1000 வாட்ஸ்' என்று போட்டிருந்தது. அது ஒரு கணம் மட்டும் தாங்கும் உச்ச அளவு என்று அப்போது தெரியாது.

"என்ன ராசா, ஒரு கையாலயோ வாசிச்சனீ?" என்று அம்மம்மா கேட்டா.

பாதிப் பிழை என்னுடையது. வயரை 'ஆர்' துளையில் குத்தியிருந்தேன். பியானோ ஒலியில் இடது கைச் சுரங்கள் பெரும்பாலும் இடப்பக்கம்தான் கூட வரும். ஒரே ஸ்பீக்கர் என்றால் 'எல்/மோனோ'வில் குத்துங்கோ.

மற்றப் பாதி, சின்ன வூஃபர். 88 கட்டைக் கீபோர்டின் அடிக்கட்டை 27.5 ஹெர்ட்ஸ். அந்த ஆழம் 8 அங்குலத்துக்கும் எட்டாதுதான், ஆனால் இடது கை காணாமல் போகாது. 12 அங்குலம் இன்னும் நல்லம்; பஸ்ஸில் யார் தூக்குறது? எட்டுக் கிலோவுக்குள், பேட்டரியோடு எடுங்கோ.

கடைக்கு உங்கட கீபோர்டையே கொண்டுபோங்கோ. அவை போட்டுக்காட்டும் பாட்டுக்கு எல்லா ஸ்பீக்கரும் நல்லாத்தான் கேட்கும்.