ஆடே எங்கள் வெள்ளாமை: கொறங்காட்டுக் குடும்பங்களின் கோரிக்கை மனு

அனுப்புநர்:
ஆடு, மாடு வளர்க்கும் சிறு, குறு விவசாயிகள் சங்கத்தார்,
காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர் சுற்று வட்டாரம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
திருப்பூர் மாவட்டம்.

நகல்: கால்நடை பராமரிப்பு, வருவாய், ஊரக வளர்ச்சி ஆகிய துறைகளின் மாவட்ட அலுவலர்கள்.

பொருள்: கொறங்காட்டு மேய்ச்சலை நம்பி வாழும் குடும்பங்களின் ஆடு மாடுகளுக்குப் பயிருக்கு நிகரான பாதுகாப்பும் இழப்பீடும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சித் தலைவர் அவர்களுக்கு,

எங்கள் பக்கம் ஒருவரிடம் "வெள்ளாமை எப்படிங்க?" என்று கேட்டால், மழை எவ்வளவு பெய்தது என்பதோடு பட்டியில் எத்தனை குட்டி விழுந்தது என்பதையும் சேர்த்துத்தான் சொல்வார். ஆண்டுக்கு 700 மில்லிமீட்டர்கூடப் பெய்யாத பூமி இது. இங்கே நெல்லையும் கரும்பையும் நம்ப முடியாது என்று கண்ட எங்கள் முன்னோர், நிலத்தைப் புல்லுக்கும் மரத்துக்கும் விட்டுவிட்டு ஆட்டையும் மாட்டையும் விளைவித்தார்கள். அப்படி உருவானதே கொறங்காடு.

சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம். இவ்வளவுதான் கொறங்காடு. ஆனால் இதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது. காட்டைத் துண்டு துண்டாகத் தடுத்து, ஒன்றில் மேய்த்து, மற்றதை விதை விழும்வரை ஆறப்போடுவோம். புல் காய்ந்துபோகும் கோடையில் வெள்வேல மரம் காய் உதிர்க்கும். ஆடுகள் அதைத் தின்று கோடையைத் தாண்டும். நிழலும் அந்த மரமே. ஆடு போடும் புழுக்கையே காட்டுக்கு எரு. மின்சாரமோ கிணற்றுப் பாசனமோ மூட்டை உரமோ கேட்காத விவசாயம் இது. காங்கேயம் மாடும் மேச்சேரி ஆடும் இந்தக் காட்டில் வளர்ந்து நிலைத்த இனங்கள்.

எங்கள் உறுப்பினர்களில் பெரும்பாலோர் இருபது, முப்பது உருப்படி ஆடு வைத்திருப்பவர்கள். கூடவே ஓரிரு மாடு, சில கோழி. கோழி கூவும் நேரத்துக்குப் பட்டியைக் கூட்டி, பால் கறந்து, குட்டியை ஊட்டவிட்டு, படலைத் திறந்து காட்டுக்கு ஓட்டுவது, மதியம் தண்ணீர் காட்டுவது, இருட்டுவதற்குள் அடைத்து எண்ணிப் பார்ப்பது என்று வீட்டிலுள்ள அத்தனை பேருடைய நாளும் ஆட்டைச் சுற்றியே ஓடுகிறது. இந்த வேலையில் பெரும்பங்கு பெண்களுடையது. பள்ளிக் கட்டணம், மருத்துவச் செலவு, காதுகுத்து, கல்யாணம் என எந்த அவசரம் வந்தாலும் நான்கு ஆட்டைச் சந்தைக்குப் பிடித்துப் போவோம். பட்டிதான் எங்கள் வங்கிக் கணக்கு.

அந்தப் பட்டி இன்று இரவோடு இரவாகக் காலியாகிறது. கூட்டமாக வரும் தெருநாய்கள் வேலியைத் தாண்டிப் பட்டிக்குள் குதிக்கின்றன. பசிக்கு ஓர் ஆட்டைத் தின்றுவிட்டுப் போவதில்லை. அகப்பட்டதையெல்லாம் கழுத்திலும் தொடையிலும் கடித்துக் குதறிவிட்டுப் போகின்றன. எங்கள் சங்கத்தைச் சேர்ந்த, கணவரை இழந்த ஒரு தாயார், விடியற்காலையில் பட்டிக்குப் போனபோது 22 ஆடுகளில் 14 செத்துக் கிடந்தன. மிஞ்சிய எட்டில் மூன்று, புண் சீழ்பிடித்து அந்த வாரத்துக்குள் இறந்தன. சினையாக இருந்த இரண்டு மிரட்சியில் குட்டியை வீசிவிட்டன. கடிபட்டு இறந்த ஆட்டை விற்கவும் முடியாது, சமைக்கவும் முடியாது. குழி வெட்டிப் புதைக்கக் கூலி கொடுத்தார். அன்றைக்கு அவர் எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "சோளம் கருகுனா எழுதிட்டுப் போறாங்க. என்ற ஆட்ட யாரு எழுதுவாங்க?"

இந்த மனு முழுவதும் அந்தக் கேள்வியின் விரிவே. பயிர் செய்பவருக்குக் கிராமப் பயிர்க் கணக்கான அடங்கலில் பதிவு உண்டு, காப்பீடு உண்டு, சேதம் வந்தால் கணக்கெடுப்பு உண்டு. எங்கள் வெள்ளாமை நான்கு காலில் நடக்கிறது என்பதனால் அது வெள்ளாமை இல்லை என்று ஆகிவிடாது. நாய்க்கடியில் இறந்த கால்நடைகளுக்கு இழப்பீடு தர அரசு 2025ஆம் ஆண்டில் முன்வந்ததை நன்றியோடு நினைக்கிறோம். அது ஒருமுறை உதவியாக நின்றுவிடாமல் நிலையான உரிமையாக வேண்டும் என்பதற்காகவே கீழ்க்கண்ட கோரிக்கைகளைத் தங்கள் முன் வைக்கிறோம்.

கோரிக்கை 1: நாய்க்கடி இழப்புக்கு நிலையான இழப்பீடு

ஒவ்வொரு முறையும் இறந்த ஆட்டைச் சாலையில் கிடத்திப் போராடிய பிறகே இழப்பீடு என்ற நிலை மாற வேண்டும். இயற்கைப் பேரிடர் நிவாரண விதிகள் (2022–26) ஓர் ஆட்டுக்கு 4,000 ரூபாய் என்று வகுத்திருந்தன. அந்தத் தொகைக்கு எந்தச் சந்தையிலும் ஒரு சினையாடு கிடைக்காது. ஆடு சினை தாங்கும் காலம் ஐந்து மாதம். அதன்பின் குட்டி வளர்ந்து விலைக்கு நிற்க மேலும் பல மாதம். ஒரு தாயாடு போனால் அதன் வயிற்றிலிருந்து வரவேண்டிய ஈத்துகளும் போகின்றன. ஆகவே,

அ) தாயாடு, பொலிகிடாய், குட்டி என்று தரம் பிரித்து, சந்தை விலையை ஒட்டி இழப்பீடு நிர்ணயித்து, ஆண்டுதோறும் திருத்த வேண்டும்.

ஆ) தகவல் கொடுத்த 24 மணி நேரத்துக்குள் கால்நடை உதவி மருத்துவர் பிரேதப் பரிசோதனையையும் கிராம நிர்வாக அலுவலர் பார்வையிடலையும் முடிக்க வேண்டும். வெயிலில் கிடக்கும் ஆடு மறுநாள்வரை தாங்காது.

இ) 30 நாட்களுக்குள் தொகை வங்கிக் கணக்கில் சேர வேண்டும். காயம்பட்டுப் பின்னர் இறந்தவற்றையும், குட்டி வீசிய ஆடுகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கோரிக்கை 2: நாய்ப்பெருக்கத்தை அதன் வேரில் தடுத்தல்

நாய்களைக் கொல்ல வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. எங்கள் பட்டிக்குக் காவல் இருப்பதும் நாய்தான். எங்கள் வேண்டுகோள், சட்டம் சொல்வதைச் செய்ய வேண்டும் என்பதே. தெருநாய்களுக்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் செய்யும் பொறுப்பை, 2023ஆம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் உள்ளாட்சி அமைப்புகளிடம் கொடுத்திருக்கின்றன. வெறிநோய் கண்ட நாய்களையும் மூர்க்கமான நாய்களையும் பிடித்த இடத்திலேயே திரும்ப விடக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 22.8.2025 அன்று உத்தரவிட்டிருக்கிறது. ஆட்டு ருசி கண்டு கூட்டமாகப் பட்டி புகும் நாய்களை இந்த உத்தரவின் கீழ் கொண்டுவந்து, தனிக் காப்பகத்தில் வைக்க வேண்டும். ஊராட்சி ஒன்றியத்துக்கு ஒரு கருத்தடை மையமாவது வேண்டும்.

நாய்கள் பெருகுவதற்குக் காரணம் சாலையோரத்திலும் குளத்துக் கரையிலும் கொட்டப்படும் இறைச்சிக் கழிவு. இரவில் மூட்டை மூட்டையாக வந்து விழுகிறது. அதைத் தின்று கூட்டம் சேரும் நாய்கள், கழிவு கிடைக்காத நாளில் அருகிலுள்ள பட்டியைத் தேடி வருகின்றன. இறைச்சிக் கழிவைச் சேகரித்து முறையாக அழிக்க ஏற்பாடு செய்வதும், வெளியில் கொட்டுபவர்களுக்குத் தண்டம் விதிப்பதும் உடனடித் தேவை.

கோரிக்கை 3: கொறங்காட்டைக் கொறங்காடாகவே பதிதல்

உழுது விதைக்காத நிலம் என்பதால் கொறங்காட்டைத் தரிசு என்று எழுதும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். நூற்றுக்கணக்கான வெள்வேல மரமும், வேலி நெடுகக் கிளுவையும், ஆண்டு முழுவதும் தீவனமும் தரும் பூமி தரிசு ஆகாது. அடங்கலில் "கொறங்காடு – மேய்ச்சல் சாகுபடி" என்று பதிய ஆணையிட வேண்டும். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் வறட்சி நிவாரணமும், கடனும், காப்பீடும் எங்கள் வாசலுக்கு வர முடியும்.

தரிசு என்று எழுதப்பட்ட நிலத்தை மனையாகவும் மின் திட்டங்களுக்காகவும் மாற்றுவது எளிதாகிவிடுகிறது. மரங்களை அறுத்து, கிளுவையைப் பிடுங்கிவிட்டால் அந்தக் காடு மறுபடி உருவாக ஒரு தலைமுறை ஆகும். இத்தகைய மாற்றங்களுக்கு அனுமதி தரும் முன் கால்நடை பராமரிப்புத் துறையின் கருத்தைப் பெறுவதைக் கட்டாயமாக்க வேண்டும். பழைய காடுகளைச் செப்பனிட, கிளுவைப் போத்து நடவும், கொழுக்கட்டைப் புல் விதைக்கவும், வெள்வேலங் கன்று வளர்க்கவும் ஏக்கருக்கு இவ்வளவு என்று மானியம் தர வேண்டும்.

கோரிக்கை 4: பருவம் தவறாத தடுப்பூசியும் மருத்துவமும்

ஆட்டுக்கொல்லி நோய், துள்ளுமாரி, நீலநாக்கு, ஆட்டம்மை என ஒவ்வொன்றுக்கும் ஒரு காலம் உண்டு. புதுப்புல் தழைக்கும்போது துள்ளுமாரி வரும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் கொசுவினும் சிறிய பூச்சிகள் பெருகி நீலநாக்கைப் பரப்பும். நோய் வந்த பிறகு போடும் ஊசியால் பயனில்லை. எந்த ஊருக்கு எந்த நாளில் எந்தத் தடுப்பூசி என்ற அட்டவணையை ஆண்டின் தொடக்கத்திலேயே ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும். ஆட்டுக்கொல்லி நோயை 2030க்குள் ஒழிப்பது நாட்டின் இலக்கு. கடைசிப் பட்டியின் கடைசிக் குட்டிவரை ஊசி சென்றால்தான் அது கைகூடும்.

1962 என்ற எண்ணில் வரும் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி எங்களுக்குப் பெரிய துணை. நாய்க்கடியும் கடினமான ஈற்றும் பெரும்பாலும் இரவில்தான் நேர்கின்றன என்பதால், வட்டத்துக்கு ஓர் ஊர்தியாவது இரவுப் பணியில் இருக்க வேண்டும். கடிபட்டுப் பிழைத்த ஆடு மாடுகளுக்கு வெறிநோய்த் தடுப்பூசி எல்லாக் கால்நடை மருந்தகங்களிலும் இருப்பில் இருக்க வேண்டும்.

கோரிக்கை 5: சிறு பட்டிக்கும் எட்டும் காப்பீடு, கடன், மானியம்

தேசிய கால்நடை இயக்கத்தில் ஆட்டுப்பண்ணைக்கு 50 விழுக்காடு மானியம் உண்டு. ஆனால் அதன் மிகச்சிறிய அலகே 100 பெட்டை, 5 கிடாய். இருபது ஆடு வைத்திருக்கும் குடும்பம் அந்தப் படியில் கால் வைக்கவே முடியாது. 20 பெட்டை, 1 கிடாய் என்ற அலகை மாநில நிதியில் உருவாக்கித் தரவும், மைய அரசுக்கு இதைப் பரிந்துரைக்கவும் வேண்டுகிறோம். முதற்கட்ட உதவியாக, நாய் தாண்ட முடியாத உயரமான கம்பி வலைப் பட்டி அமைக்க மானியம் வேண்டும்.

கால்நடைக் காப்பீட்டில் வளர்ப்பவரின் பங்கு 15 விழுக்காடு என்று 2024இல் குறைக்கப்பட்டது நல்ல முடிவு. ஊர்தோறும் முகாம் நடத்திக் காதுவில்லை மாட்டிக் காப்பீடு செய்தால்தான் அது எங்களைச் சேரும். நாய்க்கடி மரணம் காப்பீட்டில் அடங்கும் என்பதை ஒப்பந்தத்திலேயே தெளிவாக எழுத வேண்டும்.

உழவர் கடன் அட்டையில் ஈடில்லாமல் 2 லட்சம் ரூபாய்வரை கடன் தரலாம் என்பது 1.1.2025 முதல் நடைமுறை. இருந்தும் ஆடு வளர்க்கும் பெண்களிடம் பட்டா கேட்கப்படுகிறது. நிலம் கணவர் பெயரிலோ மாமனார் பெயரிலோ இருக்கும். பட்டியைக் காப்பவரோ அந்தப் பெண். ஆடு வளர்ப்பவர் என்று கால்நடை மருத்துவர் தரும் சான்றையே போதுமானதாக ஏற்கும்படி வங்கிகளுக்கு அறிவுறுத்த வேண்டும்.

கோரிக்கை 6: கோடைக்குத் தீவனமும் தண்ணீரும்

மழை பொய்த்த ஆண்டில் சோளத்தட்டுப் போர் மாசியிலேயே தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு ஆட்டை அரைவிலைக்கு விற்பவர்கள் மீண்டும் பட்டி கட்ட ஆண்டுகள் ஆகின்றன. வறட்சி அறிவிப்புக்குக் காத்திராமல், மாசி முதல் ஆடி வரை ஒன்றியத்துக்கு ஒரு தீவனக் கிடங்கு திறந்து, மானிய விலையில் உலர்தீவனம் தர வேண்டும். ஊராட்சிகளில் உடைந்து கிடக்கும் கால்நடைத் தண்ணீர்த் தொட்டிகளைச் சீரமைத்து, குடிநீர்க் குழாயோடு இணைக்க வேண்டும்.

கோரிக்கை 7: காங்கேயம் மாட்டைப் பிறந்த மண்ணில் காத்தல்

பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார் போன்றோர் பொலிகாளை தேர்ந்து, கணக்கெழுதி மேம்படுத்திய இனம் இது. 2017இல் சல்லிக்கட்டுக்காகத் தமிழகமே திரண்டபோது நாட்டு மாட்டின் பெருமை எல்லோர் வாயிலும் இருந்தது. கண்ணபுரத்துத் தேர்த்திருவிழா மாட்டுச் சந்தையில் இன்றும் அந்தப் பெருமையைக் காணலாம். ஆனால் கொறங்காட்டில் காங்கேயம் பசுவைக் கட்டி வளர்ப்பவருக்குப் பாலில் வரும் வருமானம் சொற்பம். இனத்துக்காக அதை வைத்திருப்பவருக்குப் பசுவுக்கு இவ்வளவு என ஆண்டு ஊக்கத்தொகை தர வேண்டும். நல்ல காங்கேயம் காளைகளின் உறைவிந்து இப்பகுதியின் எல்லா மருந்தகங்களிலும் கிடைக்க வேண்டும்.

ஐயா, இக்கோரிக்கைகளில் பல, ஏற்கெனவே உள்ள விதிகளையும் திட்டங்களையும் எங்கள் பட்டிவரை கொண்டுவந்து சேர்க்கும்படி கேட்பவை. அடங்கலில் பதிய ஒரு சுற்றறிக்கை போதும். கழிவைத் தடுக்க உள்ளாட்சியின் கண்டிப்பு போதும். புதிய நிதி தேவைப்படுவது இழப்பீடு, வலைப் பட்டி, சிறு ஆட்டு அலகு, காட்டுச் சீரமைப்பு, தீவனக் கிடங்கு, ஊக்கத்தொகை போன்றவற்றுக்கே.

ஆட்சித் தலைவர் தலைமையில் கால்நடை, வருவாய், உள்ளாட்சி, வங்கி அலுவலர்களும் பாதிப்பேராவது பெண்களாக உள்ள எங்கள் பிரதிநிதிகளும் அமர்ந்து பேசும் கூட்டம் ஒன்றைக் கூட்டித் தர வேண்டுகிறோம். அடுத்த விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில், எந்தக் கோரிக்கை எந்த அலுவலர் பொறுப்பில், எந்தத் தேதிக்குள் என்று எழுத்தில் பதில் கிடைத்தால் நன்றியுடையோம்.

அந்தத் தாயார் மிஞ்சிய ஐந்து ஆட்டை இன்னும் விற்கவில்லை. இரவில் பட்டிக்குப் பக்கத்தில் கட்டிலைப் போட்டுக் கைவிளக்கோடு படுத்திருக்கிறார். அவர் வீட்டுக்குள் போய் நிம்மதியாகத் தூங்கும் நாளை விரைவில் தங்கள் ஆணை கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் உறுப்பினர்கள்.

இடம்: காங்கேயம்.
இணைப்பு: உறுப்பினர்கள் கையொப்பப் பட்டியல், இறந்த கால்நடைகளின் ஒளிப்படங்கள்.